மருத்துவத்தின் நான்காவது கூறு
குடல் அழற்சி நோய்க்கெனத் தனித்தேர்ச்சி பெறும் செவிலியரின் பணி

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்று வள்ளுவர் தமது ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்துரைத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுத்துப் பேணுபவர் என்பன அந்நான்கு. இவற்றுள் முதல் மூன்றையும் நாம் மறப்பதில்லை. நோயாளிக்காக இரங்குகிறோம், மருத்துவரைக் கைகூப்பி வணங்குகிறோம், மருந்துக்காக நகையை அடகு வைக்கவும் தயங்குவதில்லை. நான்காவது கூறாகிய அருகிருப்பவரையோ, காய்ச்சல் தணிந்து வீடு திரும்பும்போதே மறந்துவிடுகிறோம்.

நம் பங்குகளில் செவிலியர் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் பல. ‘படித்து முடித்ததும் வேலை உறுதி, வெளிநாட்டுக்கும் போகலாம்’ என்ற எண்ணமே பெற்றோர் பலருக்கு முதலில் தோன்றுகிறது. அவ்வெண்ணத்தில் குற்றமில்லை. ஆயினும், படித்து முடித்த பின்னர் இப்பணியில் மேற்சென்று எய்தக்கூடிய உயரங்கள் எவை என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. மருத்துவர்களுள் இதய மருத்துவர், கண் மருத்துவர் என்ற பிரிவுகள் இருப்பதுபோல, ஒரே நோயில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்று அந்நோயாளிகளுக்கென்றே உழைக்கும் செவிலியரும் உலகில் உண்டு. அத்தகைய பணிகளுள் ஒன்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அது குடல் அழற்சி நோயாளிகளைப் பேணும் செவிலியரின் பணி. நம் தருமபுரி மாவட்டத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் காண்போம்.

வெளியே சொல்லத் தயங்கும் நோய்

குடல் அழற்சி நோய் என்பது ஒரே நோயன்று. இரு நோய்களைச் சுட்டும் பொதுப்பெயர். ஒன்று, பெருங்குடலின் உட்பரப்பு புண்ணாகி இரத்தமும் சீதமும் கழியும் பெருங்குடல் புண் நோய். மற்றொன்று க்ரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எப்பகுதியிலும் தோன்றலாம், குடற்சுவரின் முழு ஆழத்துக்கும் பரவலாம், குடலைக் குறுகச் செய்யலாம், புரையோடிய துளைகளையும் உண்டாக்கலாம்.

1859-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் முதல் நோயைக் குறித்து எழுதினார். 1932-இல் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டனர். அதன் வழியே இரண்டாவது நோய்க்கு க்ரோனின் பெயர் நிலைத்தது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குவதால் இந்நோய்கள் நீடிக்கின்றன என்பது இன்று தெளிவு. அது ஏன் அவ்வாறு திரும்புகிறது என்பதற்குப் பரம்பரை, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், மாறிவரும் உணவும் வாழ்க்கையும் எனப் பல காரணங்கள் சேர்ந்து நிற்கின்றன.

இது மேனாட்டார் நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து தவறென நம் நாட்டு ஆய்வுகளே காட்டிவிட்டன. பஞ்சாபில் நடத்தப்பெற்று 2003-இல் வெளியான ஆய்வொன்றில், இலட்சம் பேருக்கு 44.3 பேர் வீதம் பெருங்குடல் புண் நோய் காணப்பட்டது. இதே வீதத்தை 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15,06,843 மக்கள் வாழ்ந்த தருமபுரி மாவட்டத்துக்குப் பொருத்தினால் 660 பேருக்கு மேல் வருகிறது. இது வெறும் கணக்கேயன்றி இங்கு எடுத்த கணக்கெடுப்பு அன்று. வட்டாரத்துக்கு வட்டாரம் அளவு மாறக்கூடும். எனினும் ‘நம் ஊரில் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

அப்படியாயின் அவர்கள் ஏன் நம் கண்ணில் படுவதில்லை? இரத்தம் கலந்து மலம் கழிவதை யார் வெளியே சொல்வார்? ‘உடற்சூடு’ என்று மோரும் இளநீரும் குடிப்பவர் ஒருவர். ‘மூலம்’ என்று சொல்லிச் சுவரொட்டி வைத்தியரைத் தேடிச் செல்பவர் ஒருவர். சீதபேதி என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவர் வேறொருவர். இந்நோய் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுகிறது. திருமணத்துக்குக் காத்திருக்கும் பெண் பெற்ற தாயிடமும் வாய் திறப்பதில்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்குப் பத்து முறை கழிப்பிடம் தேடவேண்டிய அவன், கழிப்பிடமே இல்லாத வேலையிடத்தில் என்ன செய்வான்? உணவைக் குறைப்பான், மெலிவான், இறுதியில் வேலையை விட்டு ஊர் திரும்புவான். ‘உழைக்க மனமில்லாதவன்’ என்ற பெயரையும் சுமப்பான்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடற்காசநோயும் க்ரோன் நோயும் உருவில் ஒன்றையொன்று ஒத்தவை. உள்நோக்குக் கருவி கொண்டு பார்த்தும், சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தும்கூடச் சில வேளைகளில் இரண்டையும் பிரித்தறிவது அரிது. ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்குக் கேடாக முடியலாம். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தை, உள்ளே காசநோய் உறங்கிக் கிடப்பவருக்குக் கொடுத்தால் அந்நோய் விழித்தெழும். ஆதலால் இந்நோயாளிகளை ஒருமுறை பார்த்து மருந்தெழுதி அனுப்பிவிட இயலாது. தொடர்ந்து கவனித்து வரவேண்டும்.

மருந்து வந்தது, மனிதர் வேண்டியிருந்தது

சுவீடன் நாட்டில் அரசுப் பல்கலைக்கழகமொன்றின் முதற் பெண் பேராசிரியராக 1937-இல் அமர்ந்த நன்னா சுவார்ட்ஸ் அம்மையார், சல்ஃபசலசீன் என்னும் மருந்தைப் பற்றி 1942-இல் எழுதினார். மூட்டு நோய்க்காக உருவான அம்மருந்து பெருங்குடல் புண்ணை ஆற்றியது. 1955-இல் இங்கிலாந்தின் ட்ருலவ், விட்ஸ் என்னும் இருவர் கார்ட்டிசோன் மருந்தின் பயனை முறையாகச் சோதித்து வெளியிட்டனர். பின்னர் அசத்தியோபிரின் வந்தது. 1998-இல் க்ரோன் நோய்க்கென இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் ஊசி மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. அதன் வழியில் இன்று பல மருந்துகள் உள்ளன.

இம்மருந்துகளால் பெரும்பாலோர் நோய் அடங்கி வேலை பார்க்கவும், மணம் புரியவும், மக்களைப் பெறவும் முடிகிறது. ஆனால் இவை நோயை வேரோடு களைவதில்லை, அடக்கி வைக்கின்றன. ஆகவே நலமாக இருக்கும்போதும் மருந்து தொடரவேண்டும். ‘உடம்பு தேறிவிட்டது, மாத்திரை எதற்கு?’ என்று நிறுத்தியவருக்கு நோய் மீண்டும் எழுவது வழக்கம். இதற்கு மாறாக, ஸ்டீராய்டு மாத்திரை தரும் உடனடிச் சுகத்தில் மயங்கி மருத்துவரைக் கேளாமலே மாதக்கணக்கில் வாங்கி விழுங்குபவரும் உண்டு. அவருக்கு எலும்பு தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது, கண்புரை விழுகிறது. அசத்தியோபிரின் உட்கொள்பவருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறையாதிருக்கின்றனவா என்று உரிய காலத்தில் சோதிக்கவேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியை முதல் நாளும், 2-ஆம், 6-ஆம் வாரங்களிலும், அதன்பின் வழக்கமாக 8 வாரத்துக்கு ஒருமுறையும் நரம்பு வழியே ஏற்றவேண்டும். ஏற்றும்போது மூச்சுத் திணறலோ தடிப்போ தோன்றுகிறதா என்று அருகிலிருந்து பார்க்கவேண்டும்.

மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரக்கூடிய நேரம் சில நிமிடங்கள். அடுத்த முறை பார்ப்பது மூன்று மாதம் கழித்து. இடைப்பட்ட தொண்ணூறு நாட்களில் இத்தனையையும் யார் கவனிப்பது? இந்தக் கேள்விக்கு விடையாகவே குடல் அழற்சி நோய்ச் செவிலியர் பணி பிறந்தது.

அவர் செய்வது என்ன?

அவரிடம் தம் நோயாளிகள் அனைவரின் பெயரும் அடங்கிய பதிவேடு இருக்கும். யாருக்கு எந்த நாளில் இரத்தச் சோதனை, யார் ஊசிக்கு வரத் தவறினார், யாருக்கு நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆகிப் பெருங்குடற் புற்று தோன்றியுள்ளதா என்று உள்நோக்கிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்பவற்றை அப்பதிவேடு சொல்லும்.

இரண்டாவதாக, அவரிடம் ஒரு தொலைபேசி இருக்கும். நோய் மீண்டும் எழுந்தவுடன் நோயாளி அவரையே அழைப்பார். செவிலியர் கேட்கும் கேள்விகள் எளியவை. நேற்று எத்தனை முறை மலம் கழிந்தது? எத்தனை முறை இரத்தம் வந்தது? இரவில் எழுந்திருக்க நேர்ந்ததா? காய்ச்சல் உண்டா? நாடி எவ்வளவு? ட்ருலவ், விட்ஸ் இருவரும் 1955-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் இரத்தத்தோடு மலம் கழிந்து, அதனுடன் 37.8 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ, நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித்துடிப்போ, கடும் இரத்தசோகையோ சேர்ந்தால் அது கடுமையான தாக்குதல். அன்றே மருத்துவமனையில் சேரவேண்டும். இவ்வாறு ‘இன்றே வாருங்கள்’ என்பதையும், ‘அஞ்சவேண்டாம், மருத்துவர் சொன்னபடி இம்மருந்தின் அளவைக் கூட்டுவோம், மூன்று நாள் கழித்துப் பேசுங்கள்’ என்பதையும் பிரித்தறிவதே இச்செவிலியரின் கலை. முதலாவதைத் தவறவிட்டால் பெருங்குடல் வீங்கி வெடித்து உயிருக்கே இறுதி நேரலாம். இரண்டாவதை உணராவிட்டால் ஏழையொருவர் ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து வீணே அலைவார்.

மூன்றாவதாக, அவர் கற்பிப்பவர். எனிமா மருந்தை இடப்பக்கம் சாய்ந்து படுத்து எவ்வாறு ஏற்றிக்கொள்வது, ஸ்டீராய்டை ஏன் படிப்படியாகவே குறைக்கவேண்டும், எந்தத் தடுப்பூசிகளை முன்னதாகப் போட்டுக்கொள்ளவேண்டும் என்பவற்றை நோயாளியின் மொழியில் எடுத்துச் சொல்வார். கருவுற விரும்பும் பெண்ணிடம், நோய் அடங்கியிருக்கும் காலமே அதற்கு ஏற்றது என்றும், பெரும்பாலான மருந்துகளை அச்சத்தால் நிறுத்தக்கூடாது என்றும், மெத்தோட்ரெக்ஸேட் போன்ற சிலவற்றையோ முன்னரே நிறுத்தியாகவேண்டும் என்றும் சொல்வார்.

நான்காவது பணி பெயரிட்டுச் சொல்ல இயலாதது. மருத்துவரிடம் கூச்சத்தால் மறைத்ததை நோயாளி செவிலியரிடம் சொல்வார். அதைக் கேட்டு முகஞ்சுளிக்காதிருப்பதே பாதி மருந்தாகும்.

நோயாளியாக இருந்து வழிகாட்டியானவர்

இத்துறையின் வரலாற்றில் நினைவிற்கொள்ளத்தக்க பெயர் நார்மா கில். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த இல்லத்தரசி அவர். செவிலியப் பயிற்சி பெற்றவரல்லர். பெருங்குடல் புண் நோயால் நெடுங்காலம் வாடினார். 1954-இல் க்ளீவ்லண்ட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் அவருடைய உயிரைக் காத்தார். இவ்வகை அறுவையில் பெருங்குடலை நீக்கிச் சிறுகுடலின் முனையை வயிற்றின் மேற்பரப்பில் திறந்து வைப்பர். கழிவு அவ்வாயில் வழியே வெளியேறி, ஒட்டப்பட்ட பையில் சேரும். இங்கிலாந்தின் பிரையன் புரூக் 1952-இல் விளக்கிய நல்ல முறையால் இவ்வறுவை முன்னைவிடத் தீங்கு குறைந்ததாகியிருந்தது.

ஆயினும் அறுவை முடிந்து வீடு சென்றவரின் துன்பத்தை யார் அறிவார்? பை ஒழுகும்; சுற்றுத்தோல் வெந்து புண்ணாகும்; நாற்றம் வருமோ என்ற அச்சத்தில் மனிதர் வீட்டைவிட்டு வெளிவரமாட்டார். இவற்றையெல்லாம் தம் உடலிலேயே அறிந்திருந்த நார்மா கில், தம்மைப் போன்ற பிறருக்கு உதவத் தொடங்கினார். 1958-இல் டர்ன்புல் அவரைத் தம் மருத்துவமனையிலேயே பணிக்கு அமர்த்தினார். 1961-இல் அங்கு இக்கலைக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1970-களில் இப்பயிற்சி முறைப்படி தேர்ச்சி பெற்ற செவிலியருக்கே உரியதாக ஆக்கப்பட்டது. 1978-இல் இத்துறையினரின் உலக அமைப்பு நிறுவப்பட்டபோது அதை முன்னின்று நடத்தியவரும் அவரே. 1998-இல் அவர் மறைந்தார். ஒரு நோயாளியின் கண்ணீர் உலகளாவிய ஒரு பணிப்பிரிவாக மலர்ந்த வரலாறு இது.

நம் நாட்டிலும் இவ்விளக்கு ஏற்றப்பட்டுள்ளது. வயிற்றில் வாயில் அமைக்கப்பெற்றோருக்கான இந்தியச் சங்கம் மும்பையில் இயங்குகிறது. அந்நகரின் டாட்டா நினைவு மருத்துவமனை, இப்பேணுதலில் செவிலியருக்குத் தனிப்பயிற்சி அளித்துவருகிறது. புற்றுநோயாளிகளே அங்கு மிகுதி என்றாலும், கற்கும் கலை குடல் அழற்சி நோயாளிக்கும் அதுவேயாகும்.

படிக்கட்டு உள்ள நாடு

இப்பணி ஒரு முழு வாழ்க்கைப் பணியாக வளர்ந்திருப்பதை இங்கிலாந்தில் காணலாம். அங்கு பொது விடுதியில் சில ஆண்டுகள் உழைத்த செவிலியர் குடல் நோய்ப் பிரிவுக்கு வருகிறார். பின் தனித்தேர்ச்சிச் செவிலியர் என்னும் பதவி பெறுகிறார். தொடர்ந்து படித்து மேல்நிலைச் செவிலியராகிறார். அந்நாட்டில் உரிய பயிற்சி பெற்ற செவிலியர் தாமே மருந்தெழுதும் உரிமை 2006-இல் பெரிதும் விரிவாக்கப்பட்டது. உள்நோக்குக் கருவியைத் தாமே செலுத்திச் சோதிக்கும் செவிலியரும் அங்கு உண்டு. 2007-இல் ஐரோப்பிய க்ரோன் மற்றும் பெருங்குடல் அழற்சி அமைப்பில் செவிலியருக்கெனத் தனிப்பிரிவு தோன்றியது. இச்செவிலியர் அறிந்திருக்கவேண்டியவை எவை என்பதையும் அது வகுத்து வெளியிட்டுள்ளது.

எத்தனை செவிலியர் தேவை என்பதற்கும் அங்கு அளவு உண்டு. 2009-இல் வெளியான தரவிதி, இரண்டரை இலட்சம் மக்களுக்கு ஒன்றரைப் பணியிடம் என்றது. 2019-இல் அது இரண்டரைப் பணியிடமாக உயர்ந்தது. அதாவது இலட்சம் பேருக்கு ஒருவர். அக்கணக்கில் தருமபுரி மாவட்டத்துக்கு 15 பேர் வேண்டும். அங்கு இந்நோய் நம் நாட்டைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. ஆதலால் நமக்கு அத்தனை பேர் தேவையில்லை. ஆனால் ஒருவராவது வேண்டாமா?

நம்மிடம் உள்ளதும் இல்லாததும்

செவிலியக் கல்வியில் நாம் பின்தங்கியவரல்லர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இலேயே செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. 1946-இல் வேலூரிலும் புதுதில்லியிலும் பட்டப்படிப்பு அளிக்கும் செவிலியர் கல்லூரிகள் தோன்றின. அதே வேலூரில் செல்வின் பேக்கர், மாத்தன் முதலிய மருத்துவர்கள் 1960-களில் சுற்றுப்புறக் கிராமங்களில் பரவிய ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல் நோயை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றனர். குடலைப் பற்றிய அறிவும் செவிலியக் கல்வியும் ஒரே ஊரில் தழைத்த மண் நமக்கு அருகிலேயே உள்ளது.

படிப்பின் வரிசையும் தெளிவாகவே உள்ளது. பட்டயப் படிப்பு மூன்றாண்டு, பி.எஸ்சி. பட்டம் நான்காண்டு, பட்டயம் பெற்றவர் பட்டதாரியாவதற்குப் பின்பட்டயப் பி.எஸ்சி. இரண்டாண்டு; அதன்மேல் எம்.எஸ்சி. இரண்டாண்டு. இந்திய செவிலியர் மன்றம் வகுத்த எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில், மருத்துவ-அறுவைச் செவிலியத்தின் உட்பிரிவாக இரைப்பை, குடல் நோய்ச் செவிலியமும் இடம்பெற்றுள்ளது.

குறை எங்கே என்றால், படிப்புக்குப் பின் ஏறவேண்டிய படிக்கட்டில்தான். எம்.எஸ்சி. பயின்றவர் பெரும்பாலும் நோயாளியை விட்டு ஆசிரியப் பணிக்குச் சென்றுவிடுகிறார். ஏனெனில் உயர்வு அங்கேதான் இருக்கிறது. விடுதியில் தங்கியவரோ இன்று குடல் நோய்ப் பிரிவு, நாளை எலும்பு முறிவுப் பிரிவு, மறுநாள் பிரசவ அறை என்று மாற்றப்படுகிறார். ஐந்தாண்டுகள் பழகி அறிந்த நுட்பம் ஒரே ஆணையில் பயனற்றுப் போகிறது. திறமை மிக்கவர் வெளிநாட்டுக்குச் செல்கிறார். அங்கே அவர் கற்றதற்கு ஒரு பெயரும் அதற்கேற்ற ஊதியமும் கிடைக்கின்றன. அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. வீட்டில் இடம் கொடாமல், பிள்ளை வெளியே தங்குகிறாள் என்று நொந்துகொள்வது நியாயமாகுமா?

நெடுநாள் நோய்க்கு மருத்துவமனையோடு நில்லாத கவனிப்பு வேண்டும் என்னும் உண்மையை நம் அரசும் உணர்ந்திருக்கிறது. நம் மறைமாவட்டத்துக்குட்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்லவும், படுக்கையிலிருப்போரைச் செவிலியர் வீடு தேடிச் சென்று பேணவும் அதில் வழி செய்யப்பட்டது. அதே நெறி குடல் அழற்சி நோய்க்கும் பொருந்தாதா? 2008-இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையில், இந்நோயாளிகளுக்கென ஒரு பதிவேடும் ஒரு தொலைபேசியும் உடைய செவிலியர் ஒருவர் நிலையாக இருந்தால், சேலத்துக்கும் பெங்களூருக்கும் வேலூருக்கும் அலையும் அலைச்சல் எவ்வளவோ குறையும். பெரிய மருத்துவமனையின் மருத்துவர் எழுதித் தந்ததை நம்மூரில் நடத்திக் காட்டும் பாலமாக அவர் விளங்குவார்.

நம்மூர்ப் பிள்ளையே நம்மூர்ச் செவிலியர்

இங்குள்ள மக்களுக்கு இம்மண்ணில் பிறந்தவரே சிறந்த செவிலியராவார் என்பதற்கு உணவு ஒன்றே சான்று. மேனாட்டு நூலைப் பார்த்து ‘நார்ச்சத்தைத் தவிர்’ என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தால், கேழ்வரகுக் களியும் கீரையும் உண்டு வளர்ந்தவர் என்ன செய்வார்? ஒன்று, தாளை வீசி எறிவார். அல்லது அஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியில் நாட்களைத் தள்ளி மேலும் மெலிவார். நம்மூர்ச் செவிலியரோ அடுப்படியை அறிந்தவர். குடல் குறுகியிருப்பவருக்கும் நோய் சீறி நிற்கும் நாட்களுக்கும் உரிய உணவு வேறு, நோய் அடங்கிய காலத்துக்குரிய உணவு வேறு என்பதை மருத்துவரிடமும் உணவியலாரிடமும் கேட்டறிந்து, களியா, கூழா, குழைந்த சோறா என்று வீட்டுப் பாத்திரத்தின் பெயரிலேயே அவர் எடுத்துச் சொல்வார். நெடுநாள் இரத்தம் கழிந்தவருக்கு இரும்புச்சத்து குறைந்திருப்பதை ‘சோம்பல்’ என்று எண்ணிவிடாமல் சோதனைக்கு அனுப்புவார். ‘சூடு’ என்றும் ‘மூலம்’ என்றும் மக்கள் சொல்வதன் உட்பொருளை அறிந்து, எள்ளாமல் கேட்டு, உரிய வழிக்குத் திருப்புவார்.

யார் என்ன செய்யலாம்?

பெற்றோருக்கு முதற்சொல். செவிலியம் பயிலும் மகளிடமோ மகனிடமோ ‘எப்போது விமானம் ஏறுவாய்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘எந்த நோயாளியைப் பேணுவதில் உனக்கு மனம் ஒன்றுகிறது?’ என்றும் கேளுங்கள். மணமான மகள் இரவுப்பணி ஏற்பதைக் குறையாகப் பேசும் உறவினர் நம்மிடையே இன்றும் உண்டு. நோயாளிப் பதிவேட்டுப் பணியும் ஆலோசனைப் பணியும் பெரும்பாலும் பகற்பணி என்பதை அவர்கள் அறிதல் நன்று. வெளிநாடு சென்றவர்கள், அங்குக் கற்ற முறைகளை விடுமுறையில் வரும்போது இங்குள்ள தோழியருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். திரும்பி வந்து நிலைத்தால் இன்னும் சிறப்பு.

இளம் செவிலியருக்கு அடுத்த சொல். பதவியின் பெயர் வரட்டும் என்று காத்திராமல் தேர்ச்சியை இன்றே தொடங்கலாம். குடல் நோய்ப் பிரிவில் பணி கிடைத்தால் அதில் நிலைத்திருக்க விண்ணப்பியுங்கள். உள்நோக்கு அறையிலும் ஊசி ஏற்றும் பிரிவிலும் பழகுங்கள். வயிற்று வாயில் பேணும் பயிற்சியைப் பெறுங்கள். மேற்படிப்புக்குச் செல்லும்போது குடல் நோய்ச் செவிலியத்தை உட்பிரிவாகத் தேர்ந்துகொள்ள வாய்ப்புண்டா என்று கேளுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் உங்கள் நோயாளிகளின் நிலையை மருத்துவரின் இசைவோடு எழுதிவாருங்கள். மருத்துவமனை ஒரு பணியிடத்தை உண்டாக்க முன்வரும் நாளில், அதன் பயனை மெய்ப்பிக்கும் சான்று அந்தக் குறிப்பேடே. பொறுமையும், கூர்ந்து கேட்கும் செவியும், பிறர் மறைவைக் காக்கும் நாவும் இப்பணிக்கு இன்றியமையாதவை.

மருத்துவமனைகளை நடத்துவோருக்கும், சிறப்பாக நம் துறவற சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். குண்டூரில் உழைத்த மருத்துவரும் துறவியுமான மேரி குளோரி அம்மையார் 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரு சங்கமாக இணைத்தார். இந்திய ஆயர்களின் பொறுப்பில் 1963-இல் பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி எழுந்தது. தனித்தனியே செய்ய இயலாததைச் சேர்ந்து செய்யலாம் என்பதற்கு இவை சான்று. ஒரு சிறு மருத்துவமனையால் குடல் நோய்க்கெனச் செவிலியர் ஒருவரை அமர்த்த இயலாதிருக்கலாம். மூன்று நான்கு மருத்துவமனைகள் கூடி ஒருவரைப் பயிற்றுவித்து, வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வோர் இடத்தில் அமரச் செய்ய இயலாதா? தேர்ச்சி பெற்றவரை ஆண்டுதோறும் இடம் மாற்றாமலிருப்பதற்குச் செலவு ஏதுமில்லையே!

நம் அனைவருக்கும் இறுதியாக ஒன்று. நம் வீட்டிலோ அண்டையிலோ யாருக்கேனும் சில வாரங்களாக மலத்தில் இரத்தம் வந்தால், காரணமின்றி எடை குறைந்தால், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு நீடித்தால், கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அது மூலமாகவே இருந்தாலும் தெரிந்துகொள்வது நன்று. நோய் உறுதியானவரை, அவர் அடிக்கடி எழுந்து செல்வதைக் காட்டிக் கேலி செய்யாதிருப்போம். பயணத்திலும் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் கழிப்பிடம் எங்கே என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லி வைப்போம். தேர்ச்சி பெற்ற செவிலியர் நம்மூருக்கு வரும்வரை, இச்சிறு பேணுதலையாவது அந்நோயாளிக்கு நாமே செய்வோம்.